கைபேசியும் கடல் கடந்த பயணமும்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை. மற்ற ஊர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் முழுமையாக வெளியிடப்படுகிறது.)



போன மாதம் செயலாளர் என் அகத்துக்கு வந்து, "ஸார், அடுத்த கூட்டத்தில் நீங்கள்தான் பேச வேண்டும். ஏதாவது ஆன்மிகமாகப் பேசுங்களேன்" என்றார். "ஆன்மிகம் பேச நம்மிடையே தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பி.எஸ்சி. பௌதிகம் படித்துவிட்டு முப்பத்தேழு வருஷம் மத்திய சர்க்காரில் கோப்பு புரட்டியவன். எனக்குத் தெரிந்தது ஒரு லௌகிக விஷயம். அதில் காசும் விட்டேன், அதைவிடப் பெரியது ஒன்றையும் விட்டேன். அதைச் சொல்லலாமா?" என்றேன். சரி என்றார். ஆகையால் இன்றைய தலைப்பு, வெளிநாடு போகும்போது செல்போனை எப்படி வைத்துக்கொள்வது என்பது.

இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் யாருடைய பிள்ளையோ, பெண்ணோ, பேரனோ வெளிநாட்டில் இல்லை என்று கேட்டால் நாலு கைகூட உயராது. நாம் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தரம், இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் போகிறோம். பேத்திக்கு ஆயுஷ்ஹோமம், மாட்டுப்பெண்ணுக்குப் பிரசவம், பெண்ணின் கிருஹப்பிரவேசம் என்று ஏதாவது ஒரு காரணம் வந்துவிடுகிறது. ஊறுகாய், வத்தல், அப்பளம் எல்லாவற்றையும் எடை பார்த்துக் கட்டுகிறோம். கையில் இருக்கும் போனைப் பற்றி மட்டும் விமானம் ஏறும் வரை யோசிப்பதில்லை.

2012ஆம் வருஷம் நானும் என் மனைவியும் முதல் தடவையாக நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளையிடம் போனோம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்புதான் தொடுதிரை போன் வாங்கியிருந்தேன். போஸ்ட்பெய்டு இணைப்பு. கம்பெனிக்கு போன் செய்து, "ரோமிங் வேண்டும்" என்றேன். "ஆன் செய்துவிட்டோம் ஸார்" என்றார்கள். அவ்வளவுதான் நான் கேட்டது, அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. மூன்று வாரம் கழித்து மின்னஞ்சலில் பில் வந்தது. 43,000 ரூபாய் சொச்சம். என் அன்றைய பென்ஷனைவிட அதிகம். முதலில் தப்பாக அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கணக்கில் தவறு இல்லை, எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை.

அந்த பில்லை ஒரு பாடப் புத்தகமாக எடுத்துக்கொண்டு படித்தேன். அதில் கற்றதை முதலில் சொல்கிறேன். காரணம் புரிந்தால் விதிமுறைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நம் சிம் கார்டில் பொதுவாகப் பதினைந்து இலக்கம் கொண்ட ஓர் எண் பதிவாகியிருக்கிறது. இது நம் தொலைபேசி எண் அல்ல, உள்ளே இருக்கும் அடையாள எண். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்திய சிம் பெரும்பாலும் 404 அல்லது 405 என்று தொடங்கும். நீங்கள் நுவார்க் விமான நிலையத்தில் இறங்கி போனை ஆன் செய்தவுடன் அங்குள்ள கம்பெனியின் கோபுரம் இந்த எண்ணைப் பார்க்கிறது. 'இது இந்தியாக்காரர் சிம்' என்று தெரிந்துகொண்டு, இந்தியாவில் உள்ள கம்பெனியைக் கேட்கிறது. 'ஆம், எங்கள் வாடிக்கையாளர்தான், ரோமிங் அனுமதி உண்டு' என்று பதில் வருகிறது. கூடவே, 'இவர் இப்போது அமெரிக்காவில் இன்ன கம்பெனியின் வலையில் இருக்கிறார்' என்று இந்தியப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். இத்தனையும் சில விநாடிகளில் நடந்துவிடுகிறது.

இப்போது நாக்பூரிலிருந்து என் நண்பர் ஒருவர் என்னைக் கூப்பிடுகிறார். அவருக்கு நான் அமெரிக்காவில் இருப்பது தெரியாது. அவர் போடுவது இந்திய எண், ஆகையால் அவருக்கு உள்நாட்டுக் கட்டணம்தான். கால் முதலில் என் இந்தியக் கம்பெனிக்குப் போகிறது. அங்கே பதிவேட்டைப் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். கடல் தாண்டும் அந்தப் பகுதிக்குச் செலவு யார் தலையில்? கூப்பிட்டவர் தலையில் வைக்க நியாயம் இல்லை. ஆகையால் எடுத்தவர் தலையில் விழுகிறது. 'இன்கமிங்தானே' என்று நான் அரை மணி நேரம் அரசியல் பேசினேன்.

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் இருந்து ஜோதி பாசு, டில்லியில் இருந்த மந்திரி சுக்ராமைக் கூப்பிட்டதுதான் இந்தியாவின் முதல் செல்போன் கால். அதிலிருந்து 2003 வரை நாம் உள்வரும் அழைப்புக்கும் காசு கொடுத்தோம். யாராவது கூப்பிட்டால் எடுக்காமல், பக்கத்தில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுவோம். ரோமிங்கில் இருக்கும்போது நாம் அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போய்விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

பில்லில் இரண்டாவது விஷயம் இன்னும் விசித்திரம். நான் எடுக்காத கால்களுக்கும் பணம் போட்டிருந்தார்கள், அதுவும் இரட்டிப்பாக. காரணம் இதுதான். என் போனை எடுக்காவிட்டால் வீட்டு லேண்ட்லைனுக்குப் போகும்படி டைவர்ட் செய்து வைத்திருந்தேன். கால் இந்தியாவிலிருந்து அமெரிக்கா வந்தது, மணி அடித்தது, நான் எடுக்கவில்லை. உடனே அது அமெரிக்காவிலிருந்து திரும்ப நாக்பூர் லேண்ட்லைனுக்குப் போனது. போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம். பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்கியிருந்த பையன் போனை எடுத்து, "மாமா ஊரில் இல்லை" என்று ஒவ்வொருவருக்கும் சாவகாசமாகச் சொல்லியிருக்கிறான். அவன்மேல் தப்பில்லை. வாய்ஸ்மெயிலுக்கு டைவர்ட் செய்தாலும் இதே கதிதான்.

மூன்றாவது, பெரிய தொகை, டேட்டா. நான் இன்டர்நெட் பார்க்கவே இல்லையே என்று வாதாடினேன். நான் பார்க்கவில்லை, ஆனால் போன் பார்த்தது. மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று அதுவாகக் கேட்கிறது, செயலிகளைப் புதுப்பிக்கிறது, எடுத்த படங்களைத் தானே எங்கேயோ கொண்டுபோய்ச் சேமிக்கிறது. திட்டம் எதுவும் போடாமல் ரோமிங்கில் டேட்டா பயன்படுத்தினால் கேபி கணக்கில் காசு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து கேபிக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கேட்க அற்பமாக இருக்கிறது. ஒரு போட்டோ 2 எம்பி, அதாவது 2,048 கேபி. பத்துப் பத்தாகப் பிரித்தால் 205 துண்டு. ஒரு போட்டோவுக்கு 1,025 ரூபாய். சுதந்திர தேவி சிலைக்கு முன்னால் என் மனைவியை நான் எத்தனை படம் எடுத்தேன் என்று நினைத்துப் பாருங்கள்!

பணத்தைக் கட்டிவிட்டேன். கதை இதோடு முடிந்திருந்தால் இன்று உங்கள் முன் பேச வந்திருக்க மாட்டேன்.

2014ல் மறுபடி போனோம். இந்தத் தடவை நான் மிகவும் ஜாக்கிரதை. விமானம் ஏறும்போதே இந்திய போனை அணைத்து, பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். நாலு மாதம் திறப்பதில்லை என்று சங்கல்பம். வேண்டியவர்களுக்கு வாராவாரம் பிள்ளையின் போனிலிருந்து நாங்களே பேசினோம். ஒரு பைசா செலவில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

அந்த ஆகஸ்டில் கும்பகோணத்தில் என் அண்ணா காலமானார். எனக்குப் பதினொரு வயது மூத்தவர், அப்பா ஸ்தானத்தில் இருந்து என்னைப் படிக்க வைத்தவர். அண்ணா பிள்ளை என் இந்திய எண்ணுக்கு மேல் எண்ணாகக் கூப்பிட்டிருக்கிறான். 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றே பதில். என் பிள்ளையின் அமெரிக்க எண் அவனிடம் இல்லை. நான் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. துக்க வீட்டில், காரியங்களுக்கு நடுவில், அவன் யார் யாரையோ கேட்டு அந்த எண்ணைத் தேடிப் பிடித்தது மூன்றாம் நாள். நான் அந்த மூன்று நாளும் பேத்தியுடன் மிருகக்காட்சிசாலைக்கும் கோவிலுக்கும் போய்க்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு ஸ்நானம் செய்து மீதி நாட்களுக்குத் தீட்டுக் காத்தேன். சாஸ்திரம் அதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஆனால் மன்னியிடம் அன்றைக்கே ஒரு வார்த்தை பேச முடியாமல் போனதற்கு எந்த வழியும் இல்லை. "நீ கூப்பிடுவாய் கூப்பிடுவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்றார் மன்னி. அவ்வளவுதான் சொன்னார்.

ஆகவே இந்த விஷயத்தில் இரண்டு விதமான தவறு இருக்கிறது. ஒன்று, தெரியாமல் திறந்து வைப்பது. இன்னொன்று, பயந்து மூடி வைப்பது. நான் இரண்டையும் செய்தவன். நடுவில் ஒரு வழி இருக்கிறது. இன்றைக்கு அது மிகச் சுலபமாகவும் ஆகிவிட்டது. அதை வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், புறப்படும் முன் இங்கே செய்ய வேண்டியவை.

ஒன்று. உங்கள் இந்திய எண் நீங்கள் திரும்பி வரும் வரை உயிரோடு இருக்க வேண்டும். ப்ரீபெய்டு வைத்திருப்பவர்கள் ஆறு மாதப் பயணத்துக்கு 28 நாள் ரீசார்ஜோடு போய்விடுகிறார்கள். காலாவதி ஆனபின் சில நாட்களில் எஸ்எம்எஸ் வருவது நின்றுவிடும். நீண்ட நாள் பயன்படுத்தாமல் விட்டால் எண்ணே போய்விடும். நம் பாங்கு, ஆதார், பென்ஷன், வருமான வரி எல்லாம் அந்த ஒரு எண்ணில்தான் தொங்குகிறது. ஓடிபி வராவிட்டால் நம் பணத்தையே நாம் தொட முடியாது. ஆகையால் 365 நாள் திட்டம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டு. சர்வதேச ரோமிங் வசதியை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஆனால் நான் 2012ல் கேட்டது போலக் கேட்டால் போதாது. நாலு கேள்வி கேளுங்கள். உள்வரும் காலுக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு? உள்வரும் எஸ்எம்எஸ் இலவசமா? டேட்டாவுக்குத் திட்டம் இல்லாமல் பயன்படுத்தினால் என்ன விலை? உங்கள் திட்டத்தில் எந்தெந்த நாடுகள் உண்டு, எந்த நிமிஷத்திலிருந்து நாள் கணக்கு ஆரம்பம்? நம் கம்பெனிகளில் உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஓடிபிக்கு அதுவே நமக்கு வேண்டியது. விலைகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால் நான் தொகை எதுவும் சொல்லவில்லை. பதிலை எஸ்எம்எஸ்ஸாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்காரில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், எழுத்தில் இல்லாதது எதுவும் நடக்காதது.

மூன்று. கால் டைவர்ட், வாய்ஸ்மெயில் இரண்டையும் ரத்து செய்யுங்கள். போனில் கால் அமைப்புகளில் இருக்கும். தெரியாவிட்டால் பேரனிடம் கொடுங்கள்.

நான்கு. டேட்டா ரோமிங் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இங்கேயே, விமான நிலையம் போகும் முன்பே, அணைத்துவிடுங்கள். 'ரோமிங்' வேறு, 'டேட்டா ரோமிங்' வேறு. முன்னது இருந்தால்தான் எஸ்எம்எஸ் வரும். பின்னது இருந்தால் பில் வரும். இன்றைய உரையில் ஒரே ஒரு வாக்கியம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து. வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் படங்கள் அனுப்பும் நண்பர்கள் நம் எல்லோருக்கும் உண்டு! போட்டோ சேமிப்பு, செயலி புதுப்பிப்பு இவை வைஃபையில் மட்டும் நடக்கும்படி வையுங்கள். கூகுள் மேப்பில் போகும் ஊரின் வரைபடத்தை இங்கேயே இறக்கி வைத்துக்கொண்டால் அங்கே டேட்டா இல்லாமலே வழி காட்டும்.

ஆறு. போனில் உள்ள முக்கியமான எண்களை எல்லாம் +91 சேர்த்துச் சேமியுங்கள். பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் கூட்டல் குறி வரும். எந்த நாட்டிலிருந்து கூப்பிட்டாலும் அது வேலை செய்யும்.

ஏழு. யுபிஐ செயலி, பாங்குச் செயலி முதலியவற்றை இங்கேயே பதிவு செய்து முடித்துவிடுங்கள். அங்கே போய்ப் புதிதாகப் பதிவு செய்தால் போன் தானாக இந்தியாவுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அதற்குக் கட்டணம் உண்டு, பல சமயம் பதிவும் ஆகாது.

எட்டு. இதுதான் எனக்கு அண்ணா கற்றுக்கொடுத்த பாடம். பிள்ளையின் எண், பெண்ணின் எண், அங்குள்ள விலாசம் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி ஐந்து பேரிடம் கொடுங்கள். கூடப்பிறந்தவர்கள், சம்பந்தி, பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப வாத்தியார், நமது சங்கக் கிளைச் செயலாளர். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அதே காகிதத்தின் நகல் ஒன்றை உங்கள் பாஸ்போர்ட்டுக்குள்ளும் வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் இமிக்ரேஷனில் விலாசம் கேட்பார்கள்.

இனி அங்கே போய் இறங்கியபின்.

இன்றைய போன்கள் பலவற்றில் இரண்டு சிம் போடலாம். இந்திய சிம் ஓடிபிக்கு, அங்குள்ள சிம் பேச்சுக்கும் டேட்டாவுக்கும். இதுவே என் 'இரண்டு சிம்' சூத்திரம். இந்திய சிம்மைக் கழற்ற வேண்டாம். வாட்ஸ்அப் உங்கள் பழைய இந்திய எண்ணிலேயே இயங்கட்டும். 'எண்ணை மாற்றவா?' என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்திய எண்ணில் மணி அடித்தால் யார் என்று பார்த்துவிட்டு, எடுக்காமல், வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள். டைவர்ட் ரத்து செய்திருந்தால், எடுக்காத காலுக்குப் பணம் கிடையாது. அவசரம் என்று தோன்றினால் எடுத்துவிடுங்கள். அண்ணா பிள்ளை கூப்பிட்ட அன்று நான் எடுத்திருந்தால் எத்தனை ரூபாய் ஆகியிருக்கும்?

அங்குள்ள சிம் எப்படி வாங்குவது? மூன்று வழி. மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு, பிள்ளையின் குடும்பத் திட்டத்திலேயே இன்னொரு இணைப்பாகச் சேர்ந்துகொள்வது வசதி. இரண்டு மூன்று வாரம் தங்குபவர்களுக்கு ப்ரீபெய்டு சிம் போதும். ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் ப்ரீபெய்டுக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம், பாஸ்போர்ட் வேண்டும். மூன்றாவது வழி இ-சிம். இதில் அட்டையே கிடையாது. போனுக்குள்ளேயே இருக்கும் ஒரு சில்லில் கம்பெனியின் விவரங்களை இறக்கிக்கொள்கிறோம். இங்கே உட்கார்ந்தே வாங்கி, அங்கே இறங்கியவுடன் உயிர்ப்பிக்கலாம். ஆனால் பயணிகளுக்கு விற்கப்படும் இ-சிம்களில் பல டேட்டா மட்டும் தருபவை, பேசுவதற்கு எண் இருக்காது. வாட்ஸ்அப் இருப்பதால் பெரும்பாலும் அதுவே போதும். உங்கள் போனில் இ-சிம் வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சிம் போட்டபின் ஒரு அமைப்பை மறக்காதீர்கள். ஐபோனில், ஒரு சிம்மில் சிக்னல் இல்லாவிட்டால் டேட்டாவை மற்ற சிம்முக்குத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. அதை அணையுங்கள். இல்லாவிட்டால் அங்குள்ள சிம்மில் சிக்னல் குறையும் இடத்தில் போன் உங்கள் இந்திய சிம்முக்குத் தாவப் பார்க்கும்.

பிள்ளைகள் அன்போடு ஐபோன் வாங்கித் தருகிறார்கள். அதில் ஒரு சூட்சுமம். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில், 2022ல் வந்த 14ஆம் மாடல் முதல் சிம் அட்டை போடும் தட்டே கிடையாது. இந்திய சிம்மை எங்கே செருகுவது? புறப்படும் முன்பே இந்திய எண்ணை இ-சிம் ஆக மாற்றுவது பற்றிக் கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, அங்கே தவணையில் வாங்கிய போன் அந்தக் கம்பெனிக்கே பூட்டப்பட்டிருக்கலாம். பூட்டைத் திறந்த பிறகு கொடுக்கச் சொல்லுங்கள்.

எல்லை ஊர்களில் எச்சரிக்கை தேவை. நாம் எல்லோரும் நயாகரா பார்க்கப் போகிறோம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் கனடா. கோபுரத்துக்குப் பாஸ்போர்ட் தெரியாது. எந்தச் சிக்னல் பலமாக இருக்கிறதோ அதை போன் பிடித்துக்கொள்ளும். நீர்வீழ்ச்சியைப் பார்த்து நின்றுகொண்டிருந்த நண்பர் ஒருவருக்கு 'கனடாவுக்கு நல்வரவு' என்று செய்தி வந்தது. அவர் போட்டிருந்த திட்டத்தில் கனடா கிடையாது. அந்த மாதிரி இடங்களில் நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல், நாமே தேர்ந்தெடுத்து வைக்கலாம். முடியாவிட்டால் விமானப் பயண முறையில் போட்டுவிடுங்கள். நீர்வீழ்ச்சி எங்கும் போய்விடாது, படம் எடுக்கலாம்.

ஐரோப்பாவில் வேறு கதை. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு நாட்டில் வாங்கிய சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் உபயோகிக்கலாம். நியாயமான அளவுக்கு உட்பட்டது. 2022ல் இந்த ஏற்பாட்டை 2032 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வாங்கிய சிம் பாரிஸிலும் ரோமிலும் அப்படியே வேலை செய்யும். ஆனால் ஸ்விட்சர்லாந்து இதில் சேர்ந்தது அல்ல. ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனிலும் இந்தச் சட்டம் செல்லாது. 2018ல் பெண்ணோடு பிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலில் ஸ்விட்சர்லாந்து போனபோது, பாசல் வருவதற்குள் எங்கள் எல்லோர் போனிலும் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று அவள் பரிசோதித்துவிட்டுத்தான் காபி கொடுத்தாள்.

கப்பலிலும் விமானத்திலும் இன்னும் ஜாக்கிரதை. உல்லாசக் கப்பல் நடுக்கடலுக்குப் போனபின் கரைக் கோபுரம் எட்டாது. கப்பலில் உள்ள கோபுரம் செயற்கைக்கோள் வழியாக வேலை செய்கிறது. சில விமானங்களிலும் அப்படியே. அதற்குக் கட்டணம் மிக அதிகம், சாதாரண ரோமிங் திட்டங்களில் பெரும்பாலும் சேராது. ஏறியவுடன் விமானப் பயண முறை. வைஃபை தனியாக வேண்டுமானால் விலை கேட்டு வாங்குங்கள்.

அவசர உதவி எண்களையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. ஐரோப்பாவில் 112. பிரிட்டனில் 999. ஆஸ்திரேலியாவில் 000. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. பிள்ளை ஆபீஸ் போயிருக்கும்போது அகத்துக்காரருக்கு மார்வலி வந்தால் பிள்ளையைக் கூப்பிடுவதற்கு முன் இதைக் கூப்பிட வேண்டும். வீட்டு விலாசத்தை இங்கிலீஷில் தெளிவாகச் சொல்ல ஒரு தரம் பழகிக்கொள்ளுங்கள். பில்லைப் பற்றி அந்த நேரத்தில் நினைக்கவே கூடாது.

கூட்டத்தில் சிலர் கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொன்னேன். அவற்றையும் இங்கே சேர்க்கிறேன்.

ஒரு மாமி கேட்டார்: "என்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அதைக் கொண்டுபோனால் போதாதா?"

அமெரிக்காவுக்கு என்றால் போதாது, மாமி. நம் பழைய பட்டன் போன்கள் 2ஜி, 3ஜியில் பேசுபவை. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி 2ஜியை 2017லும் 3ஜியை 2022லும் மூடிவிட்டது. மற்றப் பெரிய கம்பெனிகளும் 2022க்குள் 3ஜியை மூடின. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் 2024ல் 3ஜி போய்விட்டது. 4ஜியில் பேசக்கூடிய போன் வேண்டும். ஓடிபி வருவதற்கும் அதே போன்தான்.

இன்னொரு அங்கத்தினர்: "துபாயில் பெண் வீட்டில் வாட்ஸ்அப் கால் போகவில்லை. போன் கெட்டுவிட்டதா?"

போன் கெடவில்லை. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம். குரல், வீடியோ அழைப்புகளை அனுமதிப்பதில்லை. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். இங்குள்ள உறவினர்களும் அதையே போட்டுக்கொண்டால் பேசலாம். குறுக்கு வழி சொல்லித் தருபவர்கள் இருப்பார்கள். விருந்தாளியாகப் போன நாட்டில் சட்டச் சிக்கல் நமக்கு வேண்டாம்.

சைனா போகும் இளைஞர் ஒருவர்: "அங்கே வாட்ஸ்அப்பே வராதாமே?"

அங்குள்ள சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் வராது. ஆனால் ரோமிங் டேட்டாவுக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் ஷாங்காயில் உட்கார்ந்து எதைத் தேடினாலும் அது உங்கள் சொந்தக் கம்பெனியின் வலைக்கு வந்து அங்கிருந்துதான் வெளியே போகும். ஆகையால் இந்திய சிம்மில் முறையான ரோமிங் திட்டம் போட்டுக்கொண்டு போனால் வாட்ஸ்அப் வேலை செய்யும். எல்லா ஊருக்கும் ஒரே வைத்தியம் இல்லை என்பதற்கு இது உதாரணம்.

கடைசியாக ஒருவர்: "எல்லா இடத்திலும் வைஃபை இருக்கிறதே, சிம் எதற்கு?"

பிள்ளையின் அகத்தில் இருக்கும் வரை வைஃபை போதும். பூங்காவில் வழி தவறினால் வைஃபை இல்லை. தவிர, பல விமான நிலையங்களில் வைஃபைக்கே ஓடிபி கேட்கிறார்கள். பொது வைஃபையில் பாங்கு வேலை வேண்டாம். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திருப்பிக் கூப்பிடாதீர்கள். நம்மைக் கூப்பிட வைத்துக் காசு பிடுங்கும் வித்தை அது.

நண்பர்களே, 2014க்குப் பிறகு நான் ஐந்து தடவை கடல் கடந்து போய்வந்துவிட்டேன். ஒரு தடவையும் எதிர்பாராத பில் வந்ததில்லை. போன் ஒரு நாளும் அணைந்திருந்ததும் இல்லை. போன வருஷம் மன்னிக்கு உடம்பு சரியில்லை என்று அண்ணா பிள்ளை இரவில் கூப்பிட்டான். நியூஜெர்சியில் அப்போது மத்தியானம். இந்திய எண்ணில் அவன் பெயரைப் பார்த்தவுடன் யோசிக்காமல் எடுத்தேன். பதினோரு நிமிஷம் பேசினோம். மன்னியும் பேசினார். பில்லில் அது எவ்வளவு ஆயிற்று என்று நான் பார்க்கவே இல்லை.

சிக்கனம் நம் குலதர்மம் மாதிரி. அதைக் குறை சொல்லவில்லை. வீணாகப் போகும் காசை நிறுத்த வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் பேசினேன். ஆனால் எதற்காகச் சிக்கனம் செய்கிறோமோ அந்த மனிதர்களின் குரல் நமக்கு எட்டாமல் போகும்படி செய்யக்கூடாது. கிளம்பும் முன் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். ஐந்து பேரிடம் காகிதம் கொடுங்கள். இரண்டையும் செய்துவிட்டு நிம்மதியாகப் போய், பேரன் பேத்திகளோடு இருந்துவிட்டு, சௌக்கியமாகத் திரும்பி வாருங்கள்.